திரையை விலக்கிப் பார்ப்போம்!



2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த லேப்டாப் கடலூர், சிதம்பரம் பக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயங்குதளமும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. ஆனால் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ‘சும்மா இடத்தை அடைக்குது’ என்று அழித்தவர்களும் உண்டு. காரணம் சோம்பல் இல்லை, பயம்! வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப். ஏதாவது ஆயிட்டா யார் திட்டு வாங்குறது?

இந்தப் பயத்துக்கு மருந்துதான் ‘வர்ச்சுவல் மெஷின்’ எனப்படும் மெய்நிகர் கணினி. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸ் ஓடும். அது தன் ஹார்டு டிஸ்க் என்று நினைப்பது உண்மையில் ஒரு ஃபைல்தான். சில்வர் பீச்சில் மணல்வீடு கட்டுகிறோமே, அது மாதிரி. அலை அடித்துப் போனாலும் நம்ம நிஜ வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ‘ஸ்நாப்ஷாட்’ எடுத்து வைத்தால், கெட்டுப்போனதைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம்.

‘லேப்டாப் ஸ்லோ ஆயிடுமே?’ என்பீர்கள். ஓடும்போது ஆகும்தான். ராம் 4 ஜிபியாவது வேண்டும். 2 ஜிபி உள்ள பழைய லேப்டாப்புக்கு இது சரிவராது; அதில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது இது ஏன் அவசியம்? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காக எடைக்குப் போட்டுவிடுவதா? லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும். நல்லா ஓடுற வேறொரு கணினியில் முதலில் மெய்நிகராகப் பழகிக்கொண்டு, அப்புறம் பழையதில் துணிந்து மாற்றலாமே!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கணினி ஆய்வகத்தில் ‘தொடாதே’ என்பதைவிட, ‘இதற்குள் என்ன வேணும்னாலும் செய்’ என்று ஒரு மெய்நிகர் கணினியை எங்களிடம் கொடுங்கள். உடைத்துப் பார்க்காமல் உள்ளே இருப்பது எப்படிப் புரியும்?

கணினி ஒன்றும் சிதம்பர ரகசியம் அல்ல நண்பர்களே. திரையை விலக்கிப் பார்ப்போம், வாங்க!

– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு