மூன்று நாளில் ஆர்வம், முடிவில் சான்றிதழ்

பள்ளிக்கூட விடுமுறை தொடங்க இரண்டு கிழமைக்கு முதலே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரே மாதிரியான விளம்பரங்களால் நிரம்பிவிடும். "ஆர்வமுள்ள மாணவர்களுக்கு அரிய வாய்ப்பு." ரோபோ செய்யும் முகாம், கோடிங் முகாம், விண்வெளி முகாம், தலைமைத்துவ முகாம், ஆளுமை விருத்திச் செயலமர்வு, சூமில் நடக்கும் ஆங்கிலப் பேச்சுக் கற்கைநெறி, வீட்டிலிருந்தபடியே நூதனசாலை பார்க்கிற மெய்நிகர்ச் சுற்றுலா. என்ன முகாமாக இருந்தாலும் கீழே இரண்டு வரி மாறாது: ஆசனங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. பங்குபற்றும் அனைவருக்கும் பெறுமதியான சான்றிதழ்.

இந்த முகாம்கள் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மனதோடு, சொந்தக் காசைப் போட்டு நடத்துகிற ஆக்கள் இருக்கினம். என்ர சண்டை வேற. ஒரு பிள்ளையின் ஆர்வத்தை ஆறு வயதில் இருந்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒழுங்காக நசிக்கிறம். பிறகு அதையே மூன்று நாள் பொதியாகக் கட்டி அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கு விற்கிறம். இதுக்கு "வாய்ப்பு" என்று பேர் வைக்கிறதைத்தான் என்னால் பொறுக்க ஏலாமல் இருக்கு.

முதல், நசிக்கிற கதையைப் பார்ப்பம்.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழும்பின. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேணும் என்பதுதான் புலமைப்பரிசில் என்ற ஏற்பாட்டின் அடி யோசனை. இண்டைக்கு அந்தப் பரீட்சை என்னவாக இருக்கு? மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்குது. நாலாம் வகுப்பில் கடந்தகால வினாத்தாள். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை விடிய எழும்பினால் ஒரு மாதிரி வினாத்தாள், படுக்கப் போகமுதல் இன்னொன்று. 10 வயதுப் பிள்ளையின் படத்தை மாலை போட்டுப் பதாகையில் அடிச்சுச் சந்தியில் கட்டுகிறம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைஞ்ச பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழாலதான் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகுது.

அதுக்குப் பிறகு ஓஎல், அதுக்குப் பிறகு ஏஎல். பள்ளிக்கூடம் முடியச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். ஞாயிறு ரியூசனை நிப்பாட்ட வேணும் என்று இடைக்கிடை ஒரு கதை வடக்கில் எழும்பும். நல்லது என்று நினைக்கிறதுக்குள்ள, அந்த நேரத்தில் பிள்ளைகளை எந்த வகுப்புக்கு அனுப்பலாம் என்ற அடுத்த கதை தொடங்கிவிடும். பிள்ளைக்கு வெறும் நேரம் என்று ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. இந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வருசத்தில் "ஏன்" என்று கேட்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அது சோதினைக்கு வராது, இரு."

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை எடுத்துப் பாருங்கோ. பேரிலேயே வெளிக்களம் இருக்கு. கடல்நீரேரிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், சேற்றையும் செடியையும் பூச்சியையும் கையால் தொட்டுப் பார்க்க வைக்கிற யோசனை அந்தப் பேருக்குள்ளயே இருக்கு. ஆனால் ஏஎல் படிச்ச எங்கட தலைமுறையில் யாரையும் கேளுங்கோ, அந்தப் பேரைச் சொன்னால் ஞாபகம் வருவது வினாத்தாள்தான். இதில் நிலையத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வினாத்தாள்கள் எத்தனையோ பேருக்குக் கை கொடுத்திருக்கு. எங்கட சமூகம் அதிட்டக் கேட்டது வினாத்தாளைத்தான், வெளிக்களத்தை இல்லை. ஒரு ஊருக்கு என்ன தேவை என்று ஊரே முடிவு செய்த விதம் இது.

இப்பிடி வளர்ந்த பிள்ளைக்குத்தான் பிறகு மூன்று நாள் முகாம் வருது.

அந்த மூன்று நாளுக்குள் என்ன நடக்குது? காலமை எட்டு மணிக்குப் பதிவு. மங்கள விளக்கு. நாலு பேரின் உரை. வளவாளர் வந்து மல்டிமீடியாவில் படம் காட்டுவார். குழு பிரிப்பார்கள், ஒரு பிறிஸ்டல் போட்டும் நாலு மாக்கரும் தருவார்கள். எழுதினதை ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து வாசிக்கும், எல்லாரும் தாளத்துக்குக் கை தட்டுவார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் சான்றிதழ், குழுப்படம், ரீசேட். நாலாம் நாள் பிள்ளை திரும்பவும் ரியூசனில் இருக்கும். ரோபோவின் உதிரிப்பாகங்கள் நிறுவனத்தின் பெட்டிக்குள் போய்விடும். முகாமில் ஒரு கேள்வி உண்மையாகவே முளைச்சிருந்தாலும், அதை அடுத்த கிழமை யாரிட்டக் கொண்டுபோய்க் கேட்கிறது?

ஆர்வம் எண்டது கொஞ்சம் மந்தமான சாமான். அதுக்கு நேரம் வேணும், பிழை விட இடம் வேணும், "எனக்கும் தெரியாது, வா பார்ப்பம்" என்று சொல்லக்கூடிய ஒரு பெரிய ஆள் பக்கத்தில் வேணும். இந்த மூன்றையும் மூன்று நாளில் தர ஏலாது. அதனால்தான் சான்றிதழைத் தருகினம். ஒரு பிள்ளை என்ன கேட்டது, என்ன கண்டுபிடிச்சது என்று யாரும் எழுதி வைக்கிறதில்லை. வந்திருந்தது என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். தாய் அதைக் கோப்புக்குள் போட்டு வைப்பா, நாளைக்கு நேர்முகத் தேர்வுக்கு உதவும் என்று. அவவில் பிழை இல்லை, இந்த நாட்டில் கோப்பு மெல்லிசாக இருந்தால் என்ன நடக்கும் என்று அவவுக்குத் தெரியும்.

"முகாம்" என்ற சொல்லையும் கொஞ்சம் நிண்டு பார்ப்பம். எங்கட இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேற வரலாறு இருக்கு. முகாம் என்றால் எங்கட அம்மா அப்பாவுக்கு ஆமிக் காம்ப். 2009 இல் வன்னியில் இருந்து வந்த கிட்டத்தட்ட 3 இலட்சம் சனத்தை முட்கம்பிக்குள் வைச்சிருந்த இடங்களும் முகாம்தான், அதில் பெரியது செட்டிகுளம் மெனிக் பாம். 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களுக்கு அரசாங்கம் மூன்று கிழமை "தலைமைத்துவப் பயிற்சி" வைத்ததும் இராணுவ முகாம்களில்தான். வரிசையில் நில், சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே: இதுதான் அங்க தலைமைத்துவம். இண்டைய தனியார் தலைமைத்துவ முகாம்களில் சீருடை இல்லை, உண்மைதான். ஆனால் விசில் அடிச்சதும் ஓடி வந்து வரிசையில் நிற்கிற பிள்ளைதான் அங்கயும் "சிறந்த முகாமாளர்". விசில் ஏன் என்று கேட்கிற பிள்ளை அங்கயும் "ஒத்துழைக்காத பிள்ளை".

இனி மெய்நிகர்க் கதைக்கு வருவம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின பிறகுதான் இந்தச் சொல் எங்கட வீடுகளுக்குள் வந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். 2021 இல் லுணுகலை போன்ற மலைப் பகுதிகளில் சிக்னல் தேடிப் பாறை ஏறியும் மரக்குடிலில் இருந்தும் படிச்ச பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பார்த்து "எவ்வளவு ஆர்வம்!" என்று பகிர்ந்தம். ஆர்வம் அந்தப் பிள்ளைகளிட்ட இருந்தது. இல்லாமல் போனது கோபுரமும் டேட்டாவும். அதைப் பற்றி யாரும் செயலமர்வு வைக்கவில்லை.

இப்ப மெய்நிகர் நூதனசாலை. போனில் விரலால் இழுத்தால் பாரிஸ் லூவர் சுற்றும். நல்லது, பார்க்கட்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதியில் ஒரு தொல்பொருள் நூதனசாலை இருக்கு. கந்தரோடையில் எடுத்த பொருட்கள் அங்க இருக்கு. பஸ்ஸில் போய்வரலாம். எத்தனை பள்ளிக்கூடங்கள் தங்கட பிள்ளைகளை அங்க கூட்டிக்கொண்டு போய், ஒரு மணித்தியாலம் சும்மா விட்டுப் பார்த்திருக்கு? கந்தரோடைக்குப் பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு கந்தரோடையைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு, லூவர் எதுக்கு முதல் தேவை?

இணையத்தால் பிரயோசனம் இல்லை என்று சொல்ல ஏலாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோட சுமார் 97,000 புத்தகங்கள் எரிஞ்ச ஒரு சமூகம் நாங்கள். அதே சமூகத்தில் 2005 இல் சில பேர் தன்னார்வமாகத் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் இண்டைக்கு ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று எவ்வளவோ கிடக்கு. காசில்லை, பதிவில்லை, ஆசனம் மட்டுப்படுத்தப்படவும் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் திறந்திருக்கும். ஒரு பிள்ளை தன்ர ஊரின் பேரைத் தேடி, அது முப்பது வருசத்துக்கு முதல் வந்த ஒரு சஞ்சிகையில் கிடக்கிறதைக் கண்டால், அது அனுபவம் இல்லையோ? ஆனால் நூலகத்தில் சான்றிதழ் தாறதில்லை. அதனால் எந்த ரியூசன் மாஸ்டரும் அதை "அரிய வாய்ப்பு" என்று சொல்லுறதுமில்லை.

எனக்கு ஆகக் கூடக் கோபம் வருவது இன்னொன்றில். இந்த முகாம்கள் எந்த ஆர்வத்தைத் தேர்ந்தெடுக்குது என்பதில். ரொக்கற், ரோபோ, கோள்கள். யாருக்கும் நோகாத ஆர்வம். அனுசரணையாளரின் பதாகைக்குப் பக்கத்தில் நிண்டு படம் எடுக்கக்கூடிய ஆர்வம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான். நாங்கள் குடிக்கிறது சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கின மழைத்தண்ணி. நல்ல தண்ணி கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக நிற்குது, கூட இறைச்சால் உவர் மேல வரும். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலக்குழிக் கழிவும் அதே கல்லால் இறங்கி அதே கிணற்றுக்கு வரும். 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றின ஊர்களில் கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் வந்தது. இதுக்குள்ள இரசாயனவியல் இருக்கு, புவியியல் இருக்கு, சட்டம் இருக்கு, அரசியல் இருக்கு. ஒரு வாளியும் ஒரு கொப்பியும் இருந்தால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கட ஊரில் இருபது கிணற்றை ஒரு வருசம் பார்த்து எழுதலாம். எந்த மாதம் உவர்க்குது, எந்தக் கிணறு வற்றுது, எதில் மணக்குது. இந்த முகாமுக்கு விளம்பரம் கண்டனீங்களோ?

காண மாட்டீங்கள். ஏனென்றால் கிணற்றைப் பார்க்கத் தொடங்கின பிள்ளை "எண்ணெய் எங்கயிருந்து வந்தது" என்று கேட்கும். வலிகாமம் வடக்குக்குப் போன பிள்ளை "1990 இல் எழும்பின சனத்தின் காணியில் ஏன் இன்னும் சில இடம் வேலிக்குள் இருக்கு" என்று கேட்கும். மலையகத்துப் பிள்ளை "எங்கட லயத்துக்கு ஏன் உறுதி இல்லை" என்று கேட்கும். இந்தக் கேள்விகளுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட யாரும் வரமாட்டினம். ஆர்வமுள்ள பிள்ளை வேணும் என்று சொல்லுறம். உண்மையாகவே ஆர்வமுள்ள ஒரு பிள்ளை வந்து முன்னால் நிண்டால் எங்களுக்குப் பயம்.

"ஒன்றும் இல்லாததுக்கு இது நல்லதுதானே?" என்று கேட்பீங்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறன். ஒரு மூன்று நாள் முகாமில் தன்னைக் கண்டுபிடிச்ச பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் "ஒன்றும் இல்லாத" நிலைமை தானாக வரவில்லை. பள்ளிக்கூட நூலகத்தின் அலுமாரி பூட்டிக் கிடக்கும், புத்தகம் துலைஞ்சால் ஆசிரியர்தான் பொறுப்பு என்பதால். ஆய்வுகூடத்தில் உபகரணம் கண்ணாடிக்குள் இருக்கும், உடைஞ்சால் பதில் சொல்ல வேணும் என்பதால். வெளிக்களப் பயணத்துக்கு எத்தனையோ கையெழுத்து வேணும். இவை எல்லாம் மாற்றக்கூடியவை. முகாம் கூடக் கூட, மாற்ற வேணும் என்ற எண்ணம் குறையும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் குறை தெரியாது. காசில்லாத வீட்டுப் பிள்ளை "அதுக்கு ஆர்வம் இல்லை" என்ற பட்டத்தோட இருக்கும். இலவசக் கல்விக்குள்ள இப்பிடித்தான் ஒரு கட்டணக் கல்வி வளருது.

கடைசியாக, எங்கட வயதுக்காரருக்கு. இந்த முகாம்களின் வளவாளர்களில் கனபேர் பல்கலைக்கழகப் பெடியளும் பெட்டையளும்தான். புலம்பெயர்ந்த சங்கங்கள் காசு அனுப்ப, நாங்கள் ஆளணி. ஆகவே இதை மாற்றுகிற பலமும் எங்களிட்ட இருக்கு. அடுத்த விடுமுறைக்கு யாராவது முகாம் செய்யக் கூப்பிட்டால் மூன்று விசயம் கேளுங்கோ. மூன்று நாளுக்கு வைச்சிருக்கிற காசை ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம், கிழமைக்கு ஒரு பின்னேரமாகச் செலவழிக்க ஏலுமோ? சான்றிதழும் ரீசேட்டும் இல்லாமல் செய்ய ஏலுமோ? பிள்ளைகள் தங்கட ஊரைப் பற்றித் தாங்களே ஒரு கேள்வியைத் தெரிவு செய்ய விடுவீங்களோ, அது எந்தக் கேள்வியாக இருந்தாலும்?

மூன்றுக்கும் "ஓம்" என்றால் போங்கோ. "இல்லை" என்றால், அந்த மூன்று நாளும் உங்கட ஊர்ப் பள்ளிக்கூட அதிபரிட்டப் போய் நூலக அலுமாரித் திறப்பைக் கேளுங்கோ. துலைகிற புத்தகத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கோ. பிள்ளைகள் வருவினம்.