டெரிபா: தூங்கும் எரிமலையைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

டார்ஃபூர் என்றதும் நமக்கு உள்நாட்டுப் போர்தான் நினைவுக்கு வரும். அங்கே ஜெபல் மர்ரா என்ற எரிமலைத் தொடர் இருப்பதும், அதன் உச்சியான டெரிபாதான் இன்றைய சூடானின் மிக உயர்ந்த இடம் (3,000 மீட்டருக்கு மேல்) என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் இந்த மலை பயங்கரமாக வெடித்தது. நெருப்புச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த பிரவாகம் 30 கி.மீ.க்கும் அப்பால் ஓடியது. உள்ளேயிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டிவிட்டதால், தாங்க ஆளில்லாத கூரை மாதிரி உச்சி இடிந்து உள்ளே விழுந்தது. அப்படி உண்டான 5 கி.மீ. அகலப் பள்ளம்தான் கால்டெரா. அதற்குள் இரண்டு ஏரிகள். பெரியது ஆழம் குறைந்த உப்பு ஏரி. சிறியது, பின்னால் முளைத்த கூம்பின் வாய்க்குள் இருக்கும் ஆழமான ஏரி.

எரிமலையின் ஆயுளில் 3,500 வருஷம் ஒரு குட்டித் தூக்கம்! கால்டெராவுக்குள் ஆவி கசிவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இதை 'அணைந்த எரிமலை' என்று சொல்வது தப்பு என்பது என் கருத்து.

"சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேமரூனின் நியோஸ் ஏரியைப் பாருங்கள். 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஏரியின் அடியில் கரைந்திருந்த கரியமில வாயு திடீரென்று பொங்கி வெளியேறியதில் சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் தெரிந்த பிறகு, 2001-இல் குழாய் பதித்து வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றத் தொடங்கினார்கள். டெரிபாவும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் 'ஆபத்தில்லை' என்றும் சொல்ல முடியாதே!

எரிமலை மண்ணும் மழையும் இருப்பதால் ஃபூர் இன மக்கள் காலங்காலமாக இங்கே விவசாயம் செய்கிறார்கள். 2023-இல் தொடங்கிய போருக்குப் பயந்து இன்னும் பலர் இந்த மலைக்கு ஓடி வந்தார்கள். 2025 ஆகஸ்ட் 31 அன்று பெருமழைக்குப் பின் தரசின் கிராமம் நிலச்சரிவில் புதைந்தபோது, மீட்புக்குழு போய்ச் சேரவே திண்டாடியது.

துப்பாக்கிக்குப் பயந்து மலையேறியவர்களுக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டாமா? செயற்கைக்கோள் ரேடார் மூலம் தரை வீங்குகிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கலாம். அதற்கு ரோடும் வேண்டாம், போர் நிறுத்தமும் வேண்டாம். சென்டினல்-1 தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடர்ந்து பார்க்க ஆட்கள் இருந்தால் போதும். சண்டை ஓய்ந்ததும் முதலில் போகும் வண்டிகளில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நில அதிர்வுமானிக்கும் இடம் கொடுங்கள் என்பேன் நான்.