‘கம்ப்ரஸர் போச்சு சார்!’

போன மே மாதம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. பாலும் தோசை மாவும் கெட்டால் போகட்டும். உள்ளே என் மனைவியின் இன்சுலின் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நாமக்கல் வெயிலைச் சொல்லவா வேண்டும்? பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். “கம்ப்ரஸர் போச்சு சார். புதுசே வாங்கிடுங்க.” ஒரு ஸ்குரூ கூடக் கழற்றவில்லை. நான் ஆயுள் முழுதும் கோப்பு பார்த்த குமாஸ்தா. கோப்பைப் பிரிக்காமலே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது.

சில நிமிடத்துக்கொரு முறை ‘டக்’ என்று சத்தம், பிறகு அமைதி. கம்ப்ரஸர் கெட்டாலும் இப்படி வரும், அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே கெட்டாலும் இப்படித்தான் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன். கிலுகிலுப்பை! உள்ளிருந்த வில்லை நொறுங்கியிருந்தது. அதே மாதிரி ரிலே 250 ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டினேன், இன்றுவரை ஓடுகிறது.

“இந்த வயசுல உங்களுக்கெதுக்கு இந்த வேலை?” என்கிறார்கள் நண்பர்கள். எல்லாவற்றிலும் கை வைக்கச் சொல்லவில்லை ஐயா. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் ஓடுவது ஆர்600ஏ என்ற தீப்பற்றும் வாயு. கேஸ் குழாயையும் கப்பாசிட்டரையும் தொடாதீர்கள். அது தொழில் கற்றவர் வேலை. ஆனால் கதவு ரப்பரும் பின்பக்கத் தூசியுமா நமக்கு எட்டாதவை? நம் ஊர் லாரி டிரைவர் நடுவழியில் வண்டி நின்றால், முதலில் பானட்டைத் திறப்பாரா, “புது லாரி வாங்குங்க” என்று ஓனருக்குப் போன் போடுவாரா?

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வீட்டுச் சில்லறை ரிப்பேரைத் தானே செய்வதற்கு அந்த மொழியில் ‘பிரிக்கொலாஜ்’ என்று பெயர். அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடல் சந்தையிலிருந்து போன பிறகும் தெர்மோஸ்டாட் 7 ஆண்டு மெக்கானிக்குகளுக்கும், கதவு ரப்பர் 10 ஆண்டு வீட்டுக்காரர்களுக்கும் கிடைத்தாக வேண்டும். அங்கே அது சட்டம். இங்கே 2022-ல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இணையதளத்தை வைத்து ஃப்ரிட்ஜை ஓட்ட முடியுமா? உதிரிபாகமும் வயரிங் படமும் தரவேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும்.

அது வரும்வரை, யாராவது “போச்சு சார்” என்றால், “கழற்றிக் காட்டுங்க” என்று கேளுங்கள். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.