வரி நீங்கினாலும் குப்பை நீங்காது

"குப்பைக் கட்டணமே ரத்தாகிவிட்டது. இனி எதற்கு மூன்று தொட்டி? எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்" என்ற வாதம் ஆந்திராவின் காளஹஸ்தியில் காதில் விழுகிறது. இதை ஏற்க முடியாது.

2021 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மாநிலத் திட்டம் குப்பையைப் பிரித்துப் போடப் பச்சை, நீலம், சிவப்புத் தொட்டிகளைத் தந்தது. மாதக் கட்டணமும் கூடவே வந்தது. ஏழை வீடுகளுக்கு அது பாரம்தான். அதை நீக்கும் அறிவிப்பு 2024இல் வந்ததை வரவேற்கிறேன். ஆனால், வீட்டிலேயே பிரிக்கும் கடமை அந்தக் கட்டணத்தோடு வந்ததல்ல. 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே அதைச் சொல்லிவிட்டன.

கலந்து கொடுத்தால் என்ன ஆகும்? பழைய சோறு, உடைந்த கண்ணாடி, நாப்கின் எல்லாம் ஒரே பையில் போகும். அதை அவிழ்த்துப் பிரிக்கிற கை தூய்மைப் பணியாளருடையது. பிரிக்காமல் கொட்டினாலோ, அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும், கோடையில் தீப்பிடிக்கும், கசிவுநீர் மண்ணுக்குள் இறங்கும். சுவர்ணமுகி ஆற்றின் கரையில் இருக்கும் ஊர் இது!

குப்பை பெருகுவதற்குக் கோயிலுக்கு வரும் பக்தர் கூட்டத்தைக் காரணம் காட்டுவதும் பாதி உண்மைதான். ராகு-கேது பூஜைக்கு வருவோர் தங்கும் விடுதிகளிடம் கட்டணம் வாங்கட்டும். நம் சமையலறைக் குப்பை அவர்களுடையதல்லவே.

சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் குழுவினர் வீடுவீடாகப் பிரித்து வாங்கி, மறுபடி தரம்பிரித்து விற்கிறார்கள். பழைய குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. காளஹஸ்தி நகராட்சியும் கலந்த குப்பையை வாங்க மறுக்க வேண்டும். பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மறுபடி கலக்கவும் கூடாது.