ஒரே ஓர் உயிர்



1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டெசர்ட் பஸ்’ என்றொரு வீடியோ கேம் உருவாக்கப்பட்டது. டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை எட்டு மணி நேரம் பாலைவனச் சாலையில் வெற்றுப் பேருந்தை ஓட்டுவதே அந்த விளையாட்டு. இடையே நிறுத்திவைக்க இயலாது. பேருந்து சற்றே வலப்புறம் இழுத்துக்கொண்டே இருப்பதால் கையை எடுக்கவும் இயலாது. இத்தனை பாடுபட்டு ஊர் சேர்ந்தால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி!

இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதனினும் சுவையான விளையாட்டுகளை நம் ஊர்ச் சாலைகள் நாள்தோறும் நமக்கு அளிக்கின்றனவே! சிலவற்றை முன்மொழிகிறேன்.

முதலாவது, ‘பச்சை விளக்கு’. சிக்னல் பச்சையாக மாறும் முன்னரே பின்னால் ஹாரன்கள் அலறும். திரும்பி முறைக்காமல் வண்டியை எடுப்பவருக்குப் பத்துப் புள்ளிகள்.

இரண்டாவது, ‘குறிசொல்லி’. முன்னே செல்லும் ஆட்டோவின் இடப்புற விளக்கு மின்னும். ஓட்டுநரின் கை வலப்புறம் நீளும். அது எப்பக்கம் திரும்பும் என்பதை மூன்று நொடிகளில் கணிக்க வேண்டும். அது நேராகவும் செல்லக்கூடும்.

மூன்றாவது, ‘மறைந்த மேடு’. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையை இரவில் கண்டறிய வேண்டும். தவறினால், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மனைவியார் உரையாற்றும் கட்டம் தானாகவே தொடங்கும்.

நான்காவது, ‘ஆம்புலன்ஸ்’. வழிவிடுபவருக்கு நூறு புள்ளிகள். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விரைபவர் அதுவரை சேர்த்த அனைத்தையும் இழப்பார். வழிவிட மறுப்போருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுவது விளையாட்டன்று.

சிரித்தீர்களா? இப்பொழுது என் தோல்வியையும் கேளுங்கள். ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்கு விரைந்துகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று நடுச்சாலையில் நின்றது. பொறுமையிழந்து விடாமல் ஹாரன் அடித்தேன். தடியூன்றிய மூதாட்டி ஒருவர் தடுமாறி இறங்கினார். அரை மணி நேரம் கழித்துப் பிரசங்கபீடத்தில் நின்றபோது, அதே மூதாட்டி முன்வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டேன். அன்றைய பிரசங்கத்தின் தலைப்பு ‘பொறுமை’. என் நா உலர்ந்தது. ஆராதனை முடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அது நீங்கதானா ஐயா?” என்று சிரித்தார். அச்சிரிப்பு எந்தக் கண்டிப்பினும் கூர்மையாயிருந்தது.

ஆகவே என் விளையாட்டுக்கு ஓர் இறுதிக் கட்டம் வைக்கிறேன். அதில் நீங்கள் உங்கள் வாகனத்தில் இருக்க மாட்டீர்கள். நீங்கள் திட்டித் தீர்த்த மனிதரின் இருக்கையில் இருப்பீர்கள். அவர் ஏன் நின்றார், ஏன் தயங்கினார் என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்திருக்கிறது. வீடியோ கேமில் தோற்றால் மறுபடியும் தொடங்கலாம். சாலையிலோ உங்களுக்கும் ஒரே உயிர். எதிரே வருபவருக்கும் ஒரே உயிர். சாலையில் காட்டும் பொறுமை வெறும் நாகரிகமன்று. பெயரறியாத அயலானிடம் நாம் செலுத்தும் அன்பு அது.

இந்த வாரம் ஹாரன்மேல் விரல் வைக்கும் முன், ஒரு கணம் அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைத்துக்கொள்கிறேன்.