பக்கத்து அறைக்குக் கடல் வழியே போவானேன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவரின் வீட்டுக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கூடத்து மேஜைமீது இரண்டு மடிக்கணினிகள் அருகருகே வீற்றிருந்தன. புதியது, கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளையுடையது. பழையது, மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் கொடுத்தது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி இதே திருவள்ளூர் ஜில்லாவின் காக்களூரில்தான் ஆரம்பமாயிற்று என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

பழையதற்கு அந்திமக் காலம் நெருங்கிவிட்டது. விசிறி முனகுகிறது, திரை அவ்வப்போது கண்ணை மூடிக் கொள்கிறது. அதன் வயிற்றிலோ பெண்ணின் கல்யாணப் படங்கள், காலஞ்சென்ற பாட்டியம்மாளின் பேச்சுப் பதிவுகள், எல்லாம் சேர்ந்து 20 ஜி.பி.க்குக் குறையாமல் இருந்தன.

"காலையிலிருந்து இணையத்தில் ஏற்றிக் கொண்டிருக்கிறோம், அண்ணா! ஏறுவதற்குள் இது பிராணனை விட்டுவிடும் போலிருக்கிறதே!" என்றார் சிநேகிதரின் மனைவி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 20 ஜி.பி. ஏற நாலரை மணி நேரம் ஆகும். பிறகு அவ்வளவையும் மறுபடி இறக்க வேண்டும். எந்த ஊரிலோ, ஒருவேளை கடலுக்கு அப்பால் உள்ள ஏதோ ஒரு கிடங்கிற்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, பக்கத்துக் கணினிக்குள் நுழைய வேண்டும். இரண்டுக்கும் இடையே இருந்த தூரமோ ஒரு சாண்! அடுத்த வீட்டில் மோர் வாங்கக் காசிக்குப் போய் வருவதென்றால் இதுதான்.

நேரே ஒரு கம்பியைப் போட்டு இணைத்தால் என்ன? 1973-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ராபர்ட் மெட்காப் என்பவர் 'ஈதர்நெட்' முறைக்கு வித்திட்டது, ஒரே கட்டடத்து யந்திரங்கள் தமக்குள் பேசிக் கொள்வதற்குத்தானே! முன்பெல்லாம் இரண்டு கணினிகளை நேரே இணைப்பதற்குத் தனிக் கம்பி வேண்டும். ஒன்றின் வாய் மற்றதன் காதுக்குப் போய்ச் சேரும்படி உள்ளே இழைகளை மாற்றிக் கட்டியிருப்பார்கள். இப்போது வரும் கருவிகள் அந்த மாற்றத்தைத் தாமே செய்து கொள்கின்றன. சாதாரணக் கம்பியே போதும். அது இணையப் பெட்டியோடு வந்து, பிரிக்கப்படாமல் பரண்மேல் கிடந்தது. புதுக் கணினியில் அதற்குத் துவாரம் இல்லை. (மெல்லியதாய் இருப்பதே நாகரிகமாம்!) பிள்ளை கடைத்தெருவுக்கு ஓடி யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்று வாங்கி வந்தான்.

கம்பியைச் செருகிச் சிறிது பொறுத்திருந்தோம். விலாசம் கொடுக்க ஆளில்லாவிட்டால், கணினிகள் 169.254 என்று தொடங்கும் எண் விலாசத்தைத் தாமே சூட்டிக் கொள்ளும். பழையதில் கோப்புப் பகிர்வை அனுமதித்து, வேண்டிய அடைவை மட்டும் பகிரச் செய்தோம். அதன் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. அதனால் கதவு திறக்கவில்லை. அரை மணி நேரம் திண்டாடின பிறகே இது என் மந்த புத்திக்கு எட்டியது. கடவுச்சொல் வைத்ததும், புதியதில் இடப்புறம் சாய்ந்த இரண்டு கோடுகளைப் போட்டு, அந்த எண்ணைத் தட்டினான் பிள்ளை. அடைவு கண்முன் வந்து நின்றது!

பழைய கணினியின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட்தான். ஆயினும் அரை மணியில் அநேகமாக எல்லாம் வந்துவிடும். இரண்டு புதிய கணினிகளாயிருந்தால் சில நிமிஷங்களே பிடிக்கும்.

"வர்தா புயலின்போது இது தெரியாமல் போயிற்றே!" என்றார் சிநேகிதர். 2016 டிசம்பர் 12-ல் அந்தப் புயல் அடித்த பிறகு இந்தப் பக்கத்தில் மின்சாரமும் இணையமும் அற்றுப் போயிருந்ததை அவர் மறக்கவில்லை. இந்தக் கம்பிக்கு இணையம் வேண்டாம். இரண்டு கணினிகளிலும் மின்கலத்தில் உயிர் இருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் பகிர்வை மூடிவிடச் சொன்னேன். திறந்தபடி விட்டுக் கல்லூரி விடுதிக்குக் கொண்டு போனால், அங்கே யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் அல்லவா?

பிள்ளை பதிவுகளில் ஒன்றைப் புதுக் கணினியில் ஒலிக்க விட்டான். "அடுப்பிலே பாலை வைத்துவிட்டு எல்லோரும் இங்கே என்ன வேடிக்கை?" என்று அதட்டினாள் பாட்டியம்மாள். சிநேகிதரின் மனைவி தம்மையறியாமல் எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார்.