எந்த நூறு?

மாவரைக்கும் பெண் நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போடுகின்றாள். விருந்து வந்தால் எட்டுக்கு இரண்டாக்குகின்றாள். கொத்தனார் ஒரு சட்டிச் ‘சிமெண்டு’க்கு ஆறு சட்டி மணல் கலக்கச் சொல்கின்றார். இவர்கள் ‘விகித சமம்’ என்னும் பாடத்தை நினைத்துக்கொண்டு இவற்றைச் செய்வதில்லை. தகவுக் கணக்கு தமிழர்க்கு எட்டாத கணக்கன்று. அஃது அடுக்களையிலேயே கிடக்கின்றது. அவ்வாறிருந்தும் அதே வீட்டார் கடன் வாங்கும் இடத்திலும், துணியெடுக்கும் இடத்திலும், நகைக்கடையிலும் ஏமாறுவது ஏன்?

பள்ளியில் இக்கணக்குக்கு இட்ட பெயரிலேயே முதற் கோளாறு இருக்கின்றது. ‘சதவீதம்’ என்பது பிள்ளையின் வாயில் நுழைகின்றதேயன்றி நெஞ்சில் இறங்குவதில்லை. விழுக்காடு என்பதோ தன் பொருளைத் தானே சொல்லும். சாதல் சாக்காடு, வேதல் வேக்காடு ஆனாற்போல, விழுதல் விழுக்காடாயிற்று. ஒரு பங்குக்கு விழுவது எவ்வளவோ அதுவே விழுக்காடு. அச்சொல்லைக் கேட்ட பிள்ளை, ‘எதன்மேல் விழுவது? எந்த நூற்றுக்கு?’ என வினவ இடமுண்டு. ஆயினும், பெயரை மட்டும் தமிழாக்கிவிட்டுப் பழைய வாய்பாட்டையே உருப்போட வைத்தால் அதனால் விளையும் நன்மை ஏதுமில்லை. தனித்தமிழ் அன்பர்களுக்கும் சேர்த்தே இது சொல்லத்தக்கது.

1957இல் பதின்மக் காசு வருமுன் உருபாவுக்குப் பதினாறணா. உருபாவுக்கு ஓரணாத் தரகு என்றால், எண்சுவடி படித்தவர் அதனை வீசம் என்பார். இன்றைய கணக்கில் அது 6¼ விழுக்காடு. பதினாறு நூறாயிற்று, அவ்வளவே. ஆனால் ‘உருபாவுக்கு ஓரணா’ என்னும்போது எதற்கு எவ்வளவு என்பது சொல்லிலேயே நின்றது. ‘ஆறேகால் சதவீதம்’ என்னும்போது அந்த ‘எதற்கு’ காணாமற் போய்விட்டது. வணிகத்தில் நடக்கும் சூழ்ச்சியெல்லாம் இக்காணாமற் போன சொல்லுக்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றது.

ஊர்ப்புறத்தில் ‘இரண்டு வட்டி’ என்பர். நூற்றுக்குத் திங்களுக்கு இரண்டு உருபா என்பது அதன் பொருள்; ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியில் 12 விழுக்காடு என்றால் அஃது ஆண்டுக் கணக்கு. பன்னிரண்டைக் கண்டு மலைத்து இரண்டைச் சிறிதென்று கருதி ஓடுவோன், பாதி வட்டியை விட்டு இருமடங்கு வட்டிக்குப் போகின்றான்.

தண்டற்காரன் கணக்கோ இதனினும் கொடிது. தெருவோரத்தில் காய்கறி விற்கும் ஒருத்திக்குப் பதினாயிரம் உருபா கடன் எனப் பேசி, 1,500ஐ முன்னரே பிடித்துக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுப்பர். நாளொன்றுக்கு 100 உருபாவாக நூறு நாளில் பதினாயிரத்தையும் கட்டவேண்டும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்பது அவள் காதில் விழுவது. எந்த நூறு? அவள் கைக்கு வந்தது 8,500. அதன்மேல் 1,500 என்றால் நூற்றுக்குப் பதினேழரைக்கும் மேல். அந்த 8,500ம் நூறு நாளும் அவளிடம் இருந்ததா எனின், அதுவும் இல்லை. முதல்நாள் தொட்டே திருப்பிக் கட்டுகின்றாள்; ஐம்பதாம் நாளில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. ஆகவே, சராசரியாக அவள் ஆண்ட பணம் 4,250ஐ ஒட்டியே இருக்கும். அதற்கு நூறு நாள் வட்டி 1,500 என்றால், நூற்றுக்கு முப்பத்தைந்தாகின்றது! ஓராண்டுக்குப் பெருக்கினால் 120 விழுக்காட்டைத் தாண்டுகின்றது. நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் எனப் பெயர் குறித்தே தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்டது. ஆனால், தன்னிடம் வாங்கப்படுவது எவ்வளவு என்று கணக்கிடத் தெரியாதவள் எந்தக் காவல்நிலையத்தில் எதைச் சொல்லி முறையிடுவாள்?

துணிக்கடைத் தள்ளுபடி சிறு ஏமாற்று. ஆயிரம் உருபாப் புடைவைக்கு 1,250 எனச் சீட்டு ஒட்டி 20 விழுக்காடு தள்ளினால் பழைய ஆயிரமே நிற்கும். ஏற்றியது ஆயிரத்தின்மேல், இறக்கியது ஆயிரத்து இருநூற்றைம்பதின்மேல். ‘இருபதோடு மேலும் பத்து’ என்பதும் முப்பதன்று. இரண்டாவது பத்து எஞ்சிய எண்பதின்மேல் விழுவதால் இருபத்தெட்டே.

நகைக்கடையில் ‘சேதாரம்’ எனப்படும் கழிவைப் பொன்னின் எடைமேல் விழுக்காடாகப் போடுகின்றனர். எட்டுக் கிராம் சங்கிலிக்கு 15 விழுக்காடு என்றால் 1.2 கிராம். அப்பொன் சங்கிலியில் இல்லை. விலை மட்டும் பட்டியலில் உண்டு. பொன்விலை இரட்டித்தால், தட்டாரின் உழைப்பு ஓர் இம்மியும் கூடாதிருக்க, இக்கழிவின் விலையும் இரட்டிக்கின்றது. விற்கப்போகும் நாளில் அந்த 1.2 கிராமுக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை.

ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்கு நூல்களில் வரும் வணிகர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். முதலையும் வட்டி வீதத்தையும் காலத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டே கடன் கொடுக்கின்றனர். தண்டல் அட்டை ஒன்றையும், நகைக்கடைப் பட்டியல் ஒன்றையும், தள்ளுபடிச் சீட்டு ஒன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வோர் எண்ணும் எதன்மேல் விழுகின்றது என்று பிள்ளைகளைத் தேடச் செய்ய ஆசிரியர்க்கு ஒரு பாடவேளை போதும். அவ்வட்டையை வகுப்புக்குக் கொண்டுவரப் பல பிள்ளைகள் வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. வீட்டு மாடத்திலேயே இருக்கும்.